பூச்சியமும் வெறுமையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கிவிட்டு வடக்கு நோக்கிப் புறப்படும் அன்பர்கள், நகரிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரத்தில் பெரும் பாறைகள் சூழ்ந்த ஓர் இடத்தைக் காண்பர். அதுவே அலுவிகாரை. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முறையாக ஏட்டில் எழுதப்பெற்றது இவ்விடத்திலேதான் என்பது பௌத்தர்களின் மரபு.

மாணவர் சிலருடன் நாம் அங்கே சென்றிருந்தபோது, தாளிப்பனை ஓலையிலே எழுத்தாணியால் எழுதிக் காட்டினார் ஒருவர். எழுத்தாணி கீறிய கோடுகள் முதலிற் கண்ணுக்குப் புலப்படவில்லை. கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்ததும் எழுத்துகள் கருமையாக எழுந்தன. மாணவர்கள் வியந்தார்கள். எமது கண்ணோ வேறொன்றிற் சென்று பதிந்தது. சுவடியைக் கயிற்றிற் கோப்பதற்காக ஓலையில் இரண்டு துளைகள் உண்டல்லவா? அத்துளைகளைச் சுற்றி எழுதுவோர் சிறிது இடம் விட்டே எழுதுவர். வரி அங்கே நின்று, துளையைக் கடந்து, அப்பாலே தொடரும். அந்த இடைவெளியைக் கண்டு, "இங்கே ஒரு சொல் விடுபட்டது" என்று ஏடு படிக்கத் தெரிந்த எவரும் எண்ணுவதில்லை. அது எழுத்தில்லாத இடம் அன்று. எழுதுவதற்கே உரியதல்லாத இடம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பற்றியே இக்கட்டுரையில் வாசகர்களுடன் சிறிது உரையாட விரும்புகின்றோம்.

அதற்குக் காரணமாயிருந்தவன் எம்மிடம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். இலங்கையின் மழைவீழ்ச்சியைக் காட்டும் நிறப்படம் ஒன்றைக் கணினியில் ஆக்கிக் கொண்டுவந்தான். மழை மிகுந்த இடத்துக்கு நீலம், குறைந்த இடத்துக்குக் கபிலம். மலைநாட்டின் மேற்குச் சரிவு ஆழ்ந்த நீலமாய் விளங்கிற்று. அதுவரை யாவும் செவ்வனே இருந்தன. ஆனால் தீவின் கரை நெடுகிலும் ஒரு கபிலக் கோடு ஓடிற்று. மன்னாரும் யாழ்ப்பாணக் குடாநாடும் ஏறக்குறைய முழுவதுமே கபிலமாயின. "ஐயா, கரையோரம் எங்கும் வறட்சிதான் போலும்" என்றான் மாணவன். கொழும்பும் காலியும் கடற்கரை நகரங்களே. அவை ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவன. அங்கே வறட்சி ஏது? எண்கள் பொய்யல்ல, கணினியும் பழுதல்ல. பின், பிழை எங்கே புகுந்தது?

எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கி வைத்த அட்டவணையைக் கணிதத்தில் தாயம் என்கின்றோம். தமிழ்நாட்டார் இதனை அணி என்பர். தாயம் எப்பொழுதும் நாற்கோணமானது. சதுரங்கப் பலகையைப் போல எல்லா நிரையிலும் கட்டங்களின் தொகை ஒன்றே. ஆனால் உலகிலுள்ள பொருள்கள் நாற்கோணமாயிருப்பது அரிது. எமது தீவை மாங்காய்க்கு ஒப்பிடுவோர் உளர்; முத்துக்கு ஒப்பிடுவோரும் உளர். பெட்டிக்கு ஒப்பிட்டவரை நாம் கண்டதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலங்கையின் நீளம் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 432 கிலோமீற்றர்; மிகக்கூடிய அகலம் ஏறத்தாழ 224 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு ஒரு கட்டம் வீதம் தாயம் அமைத்தால் 432 நிரைகளும் 224 நிரல்களும் வரும். பெருக்கினால் 96,768 கட்டங்கள். தீவின் பரப்போ 65,610 சதுர கிலோமீற்றர். ஆகவே, மிஞ்சிய 31,158 கட்டங்கள், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கடலின்மேல் விழுகின்றன! அந்தக் கட்டங்களில் எந்த எண்ணை எழுதுவது? கணினி வெறுங்கட்டத்தை விரும்புவதில்லை. எதையேனும் எழுதத்தான் வேண்டும் என்று, எம் மாணவன் அவற்றில் எல்லாம் பூச்சியத்தை எழுதிவிட்டான்.

முதலில், எந்தக் கட்டம் தரை, எந்தக் கட்டம் கடல் என்று அறிவது எவ்வாறு? மனிதக் கண்ணுக்கு இது எளிது, கணினிக்குக் கண்ணில்லை. அதற்கு அழகான முறையொன்று உண்டு. கட்டத்தின் நடுவிலிருந்து ஏதேனும் ஒரு திசையில் படத்தின் ஓரம் வரை நேர்கோடு ஒன்றை இழுக்க வேண்டும். அக்கோடு கரைக்கோட்டை எத்தனை முறை வெட்டுகின்றதென்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை எண் வந்தால் கட்டம் தரைக்குள்ளே உள்ளது. இரட்டைப்படையானால் வெளியே உள்ளது. கைக்குள் புளியங்கொட்டைகளை மறைத்து "ஒற்றையா, இரட்டையா?" என்று விளையாடும் சிறுவர்கள், இத்தனை பெரிய வேலைக்கு அது உதவுமென்று அறிந்தால் மகிழ்வார்கள்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், கரை எவ்வளவு வளைந்து நெளிந்திருந்தாலும் இது தவறுவதில்லை. தீவின் நடுவே ஒரு பெருங்குளத்தின் கரையையும் வரைந்துவிட்டால், குளத்துள் இருக்கும் கட்டத்திலிருந்து இழுத்த கோடு குளக்கரையை ஒரு முறையும் கடற்கரையை ஒரு முறையும் வெட்டும், ஆக இரண்டு. இரட்டைப்படை, எனவே அது தரையன்று! ஏட்டின் துளையும் இவ்வாறே தானாக விலக்கப்பட்டுவிடுகிறது. கரைக்கோடு ஒரு கட்டத்தை ஊடறுத்துச் சென்றால், அக்கட்டத்தை மேலும் சிறு கட்டங்களாகப் பிரித்து அதே சோதனையைச் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் வரைபுத் தாளிலே பென்சிலாற் செய்து பார்க்கத்தக்க பயிற்சி இது.

தரையல்லாத கட்டங்களைக் கண்டுபிடித்தபின் அவற்றை மறைக்க வேண்டும். இதற்கும் அலுவிகாரையிலேயே பாடம் உண்டு. 1960களில் கொழும்பிலே பத்திக் கலையை வளர்த்துப் புகழ்பெற்றவரும், பென்தொட்டைக் கடற்கரை விடுதியின் கூரைக்குப் பத்திக் ஓவியங்களை ஆக்கியவருமான ஈனா த சில்வா அம்மையார் (1922-2015), பிற்காலத்தில் தமது பூர்வீக ஊராகிய அலுவிகாரைக்கு வந்து தங்கினார். அங்கே அவர் வளர்த்த மாத்தளை மரபுரிமை நிலையத்தில் கிராமத்துப் பெண்கள் பத்திக் வேலையையும் தையல் வேலையையும் பயின்று பிழைத்து வந்தனர்.

பத்திக் தொழிலின் உயிர் மெழுகு. சாயம் ஏறக்கூடாத இடத்திற் சூடான மெழுகை இட்டுத் துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு பட்ட இடத்தைச் சாயம் தீண்டாது. இறுதியில் துணியைக் கொதிநீரிலிட்டு மெழுகை நீக்கினால், மறைத்த இடம் மறைத்தபடியே வெளிப்படும். ஈண்டு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மெழுகு இட்ட இடத்தில் வெள்ளைச் சாயம் பூசப்படவில்லை, சாயமே பூசப்படவில்லை. நிறப்படம் வரைவோர் கடற்கட்டங்களுக்குச் செய்ய வேண்டியதும் இதுவே. அங்கே பூச்சியத்தை எழுதுவது வெள்ளைச் சாயம் பூசுவதைப் போன்றது. "இக்கட்டம் கணக்கில் இல்லை" என்று குறிப்பதே மெழுகிடுதல்.

வெள்ளைச் சாயத்துக்கும் மெழுகுக்கும் பார்வையில் வேற்றுமை இல்லையே என்று சிலர் கேட்கலாம். பார்வையில் இல்லை, கணக்கில் உண்டு. நிறப்படம் கரடுமுரடாகத் தோன்றாதிருக்க, ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் அதனைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களோடு கூட்டிச் சராசரி காண்பது வழக்கம். கரையிலுள்ள ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதனையும் சேர்த்து ஐந்து கட்டங்கள் தரை. நான்கு கட்டங்கள் கடல். விளக்கத்துக்காக ஐந்திலும் 1200 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 6000. கடலின் நான்கு பூச்சியங்களையும் கணக்கிற் சேர்த்து ஒன்பதால் வகுத்தால் 667. தரைக்கட்டங்களை மாத்திரம் எண்ணி ஐந்தால் வகுத்தால் 1200. பெய்த மழையிற் பாதியளவைப் பூச்சியங்கள் விழுங்கிவிட்டன! எம் மாணவனின் படத்திற் கரை நெடுகிலும் ஓடிய கபிலக் கோட்டின் இரகசியம் இதுதான். குடாநாடும் மன்னாரும் ஒடுங்கிய நிலங்கள். அங்கே பல கட்டங்களுக்கு அருகே கடல். ஆதலால் அவை பொய் வறட்சியில் பெரிதும் மூழ்கிவிட்டன. ஒரு நிவாரணத் திட்டமோ குளம் திருத்தும் திட்டமோ இத்தகைய படத்தை நம்பி வகுக்கப்படுமாயின் விளைவு யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கடற்கட்டங்களை விலக்கியாயிற்று. தரைக்கட்டங்கள் எல்லாவற்றிலும் எண் உண்டா? அதுவும் இல்லை. மழைமானி வைத்த இடத்திலேதான் மழை அளக்கப்படுகிறது. ஏனைய இடங்களில் நாம் ஊகிக்கின்றோம். அமெரிக்க வளிமண்டலவியலாளரான தீசன் என்பவர் 1911ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார்: ஒவ்வோர் இடத்துக்கும் மிக அண்மையிலுள்ள மானியின் எண்ணையே கொடுத்துவிடுதல். மற்றொரு முறை, பல மானிகளின் எண்களைத் தூரத்துக்கேற்பக் கலத்தல். நான்கு கிலோமீற்றரில் உள்ள மானி 2000 என்றும், எட்டுக் கிலோமீற்றரில் உள்ளது 1400 என்றும் காட்டினால், அண்மையிலிருப்பதற்கு இருமடங்கு மதிப்பளித்து 1800 என்று கொள்ளலாம். தீசன் முறைப்படியோ விடை 2000. ஒரே இடம், ஒரே அளவீடுகள், இரு விடைகள்!

மாத்தளை போன்ற மாவட்டத்தில் இவ்வேற்றுமை அற்பமானதன்று. அலுவிகாரையிலிருந்து அதே ஏ-9 சாலையில் வடக்கே நாவுலை, தம்புள்ளை என்று செல்லும் பஸ் வண்டியின் சாளரத்தருகே அமர்ந்திருப்பவர், மிளகுக் கொடியும் வாசனைத் திரவியத் தோட்டமும் மறைந்து வறள்நிலக் காடு தொடங்குவதைத் தாமே காண்பார். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நின்று மழைக்காற்றைத் தடுக்கின்றது. ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் பெறுவது ஈரவலயம், 1750க்குக் குறைவாகப் பெறுவது உலர்வலயம், இடைப்பட்டது இடைவலயம் என்று இந்நாட்டை வகுத்திருக்கின்றனர். மலையின் இப்பக்கத்து மானி அப்பக்கத்து மழையை அறியாது. எனவே நேர்மையான படம், எண்ணை அளந்த இடம் எது, ஊகித்த இடம் எது என்பதைப் புள்ளிகளிட்டுக் காட்டும்.

இனி நிறங்களைப் பார்ப்போம். வானவில்லின் ஏழு நிறங்களையும் வரிசையாக இட்டுவிட்டாற் படம் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மையே. ஆனால் மஞ்சள் பெரிதா, பச்சை பெரிதா என்று கேட்டால் யார் சொல்ல வல்லார்? கண்ணுக்கு இயல்பாகப் புரிவது வெளிறியதும் ஆழ்ந்ததுமே. பத்திக் தொழிலாளர் இதனை அறிவர். முதலில் வெளிறிய சாயம், பின் அதனினும் ஆழ்ந்தது, இறுதியில் கருமை என்று படிப்படியாகவே அவர்கள் தோய்ப்பார்கள். கணினி வல்லுநர்களும் இவ்வழிக்கே திரும்பியிருக்கின்றனர். 2015ஆம் ஆண்டில் ஒரு வரைபட மென்பொருளுக்காக ஆக்கப்பெற்ற 'விரிடிஸ்' என்னும் நிறவரிசை, இருண்ட ஊதாவிலே தொடங்கி நீலம், பச்சை எனப் படிப்படியாக வெளிறி மஞ்சளில் முடிகிறது. கறுப்பு வெள்ளையிற் பிரதி எடுத்தாலும் அதன் வரிசை கெடுவதில்லை. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாத கண்ணுடையோருக்கும் அது விளங்கும்.

வெளிறியதிலிருந்து இருண்டதுவரை நிழலிட்டு நாட்டுப்படம் வரையும் வழக்கம் புதியதன்று. 1826ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுச் சார்ள்ஸ் துய்ப்பின் என்பார், தம் நாட்டு மாவட்டங்களின் கல்வி நிலையை இவ்வாறு நிழலிட்டுக் காட்டினார். கல்வி குறைந்த மாவட்டம் இருண்டும், மிகுந்த மாவட்டம் வெளிறியும் தோன்றின. எனினும் இத்தகைய படங்கள் ஓர் ஏமாற்றமும் செய்வன. பரப்பிற் பெரிய மாவட்டம் கண்ணையும் பெரிதாகக் கவரும். முல்லைத்தீவு மாவட்டம் 2617 சதுர கிலோமீற்றர். கொழும்பு 699 மட்டுமே. 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 23 இலட்சம் மக்களும், முல்லைத்தீவில் ஏறத்தாழ 92 ஆயிரம் மக்களும் வாழ்ந்தனர். படத்தைப் பார்ப்பவர் நிலத்தைப் பார்க்கின்றோமா, மக்களைப் பார்க்கின்றோமா என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

தொகைமதிப்பைக் குறிப்பிட்டதும், எம் மாணவனுக்கு நாம் காட்டிய வேறொரு அட்டவணை நினைவுக்கு வருகிறது. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் பின்னர் 1991இல் நடைபெற்றிருக்க வேண்டிய தொகைமதிப்புப் போர்ச் சூழலால் நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோதும், 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது முழுமையாக நிறைவேறிற்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழு மாவட்டங்களில் முழுமையான கணக்கெடுப்பு நிகழவில்லை. சிலவற்றிற் பகுதியாகவும், சிலவற்றில் அறவே இல்லாமலும் போயிற்று. நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012இலேதான்.

2001ஆம் ஆண்டு எண்களைக் கொண்டு நிறப்படம் வரையுமாறு மாணவனிடம் கூறினோம். பதினெட்டு மாவட்டங்களுக்கு நிறமிட்டான். எஞ்சிய வன்னிப் பகுதியின்மேல் அவன் பென்சில் நின்றது. "ஐயா, அந்த ஆண்டு என் தாயும் தந்தையும் கிளிநொச்சியில்தான் இருந்தார்கள். அவர்கள் இந்தப் படத்தில் இல்லையா?" என்று கேட்டான்.

"எண்ணப்படாதவர்கள், இல்லாதவர்கள் அல்லர்" என்றோம்.

சிறிது நேரம் சிந்தித்தான். கடலை வெறுமையாகவே விட்டான். அந்த ஏழு மாவட்டங்களையோ வெறுமையாக விடாமல், சாய்ந்த கோடுகளால் நிரப்பி, படத்தின் அடியிலே "இங்கு மக்கள் வாழ்ந்தனர், முழுமையாக எண்ணப்படவில்லை" என்று எழுதினான். நாம் கற்பிக்க நினைத்த பாடத்தை அவன் எம்மினும் நன்றாக எழுதிவிட்டான் என்றே சொல்ல வேண்டும்.

உற்று நோக்கினால், ஒரு நிறப்படத்திலே மூவகை வெறுமைகள் இருக்கக் காண்கிறோம். ஒன்று, கடல், அது படத்துக்கே உரியதன்று. மற்றொன்று, உண்மைப் பூச்சியம். மானி வைத்திருந்தோம், மழை பெய்யவில்லை. அது ஓர் அறிவு. மூன்றாவது, அறியாமை, அங்கே ஏதோ இருந்தது, நாம் அளக்கவில்லை. மூன்றுக்கும் ஒரே வெள்ளையைப் பூசுபவன் மூன்று வேறு செய்திகளை ஒரே சொல்லாற் கூறுகின்றான். தென்துருவத்தின் ஓசோன் படலத்தைச் செய்மதியிலிருந்து அளக்கும் கருவிகளுட் சில சூரிய ஒளியைக் கொண்டே அளப்பன. ஆதலால் துருவம் இருளில் மூழ்கும் மாதங்களில் அவற்றின் வட்டப் படத்தின் நடுவே ஓர் அளவீடற்ற இடம் விடப்படும். அங்கே ஓசோன் இல்லை என்பது அதன் பொருளன்று. ஒளி இல்லை என்பதே பொருள். உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகளும் இவ்வாறு, "யாம் அறியோம்" என்று படத்திலேயே ஒப்புக்கொள்கின்றனர்.

இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் வெள்ளம், வெப்பம், நோய், தேர்தல் என்று எதற்கும் ஒரு நிறப்படம் வந்து நிற்கின்றது. மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. அப்படத்தைக் கண்டவுடன் சிவப்பு எங்கே, நீலம் எங்கே என்று பார்க்கும் முன்னர், நிறமில்லாத இடம் எது என்று பாருங்கள். அது கடலா, பூச்சியமா, அல்லது எவரும் சென்று எண்ணாத ஊரா என்று கேளுங்கள். விடை படத்தில் இல்லையெனின், அப்படத்தைச் சிறிது ஐயத்துடனேயே நோக்குங்கள். பெற்றோரும் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு வரைபுத் தாளில் தமது ஊரின் உருவை வரைந்து, கட்டங்களை எண்ணி, நிறமிட்டுப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்கு அது போதும்.

அலுவிகாரையின் பழைய ஏடுகள் பல 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்துபட்டன என்பர். இன்று அங்கே எழுதப்படும் ஓலையிலும் எழுத்தாணி துளையருகே வந்ததும் நிற்கின்றது. விலகிச் சென்று மீண்டும் தொடர்கின்றது. எழுதத்தகாத இடத்தில் எழுதாதிருப்பதும், எழுத வேண்டிய இடத்தை விட்டுவிடாதிருப்பதும் எழுதுவோன் கடமை. எண்களை நிறமாக்குவோனுக்கும் அக்கடமையே உரியது.